எந்தக் கை?

பழைய சித்திரக்கதைகளைச் சேகரிப்பவர்கள் முதலில் கதையைப் பற்றிக் கேட்பதில்லை. எத்தனையாவது இதழ், முதற்பதிப்பா மறுபதிப்பா, பின்னட்டை இருக்கிறதா, நடுவில் அடித்த கம்பி துருவேறித் தாளைத் தின்றிருக்கிறதா, உள்ளே யாரேனும் பேனாவால் கிறுக்கியிருக்கிறார்களா என்றே கேட்பார்கள். சென்ற ஆண்டு சென்னையிலிருந்து பள்ளிகொண்டாவில் உள்ள என் வீட்டைத் தேடி வந்த அன்பரும் இவற்றைத்தான் கேட்டார். என் தகரப் பெட்டியில் அறுபதுக்கும் மேற்பட்ட இதழ்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் கைக்குட்டை விரித்து, அதன்மேல் வைத்துப் புரட்டினார். ஏட்டுச்சுவடியைத் தொடும் பக்குவம் அவர் விரல்களில் இருந்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

சேகரிப்பாளர்கள் தங்களுக்குள் விடுக்கும் வினாக்களும் சுவையானவை. சிறுவர்களாக இருந்தபோது நாங்களும் அவற்றைக் கேட்டுக்கொண்டோம். ‘மாயாவி யார்?’ என்பது அவற்றுள் முதல் வினா. விடை எளிது என்று நினைப்பவர் தோற்பார். 1972 ஜனவரியில் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. முல்லை தங்கராசன் அதன் தொடக்ககால ஆசிரியர். ஆனால் 1984 ஜூலையில் தினத்தந்தி குழுமம் தொடங்கிய ராணி காமிக்ஸை 1990களில் படித்தவர்களுக்கு மாயாவி என்றால் வேறொருவர்: லீ ஃபால்க் 1936இல் படைத்த, காட்டில் வாழும் முகமூடி வீரர். அவரே முத்து காமிக்ஸில் வேதாளர். ஒரே பெயர் இரண்டு நாயகர்களுக்கு, ஒரே நாயகருக்கு இரண்டு பெயர்கள்! சங்கப் புலவர்களின் பெயர்க் குழப்பங்களைப் பின்னாளில் வகுப்பறையில் எதிர்கொண்டபோது எனக்கு அச்சமே எழவில்லை. முன்பயிற்சி இருந்தது.

அடுத்த வினா ஸ்பைடரைப் பற்றியது. லயன் காமிக்ஸ் வழியாக நம் வீடுகளுக்குள் நுழைந்த ஸ்பைடர், அமெரிக்காவின் ஸ்பைடர்மேன் அல்லன். 1965இல் பிரித்தானிய வார இதழ் ஒன்றில் குற்றவுலகின் மன்னனாக முடிசூடிக்கொள்ளப் புறப்பட்டவன். பின்னர் நீதியின் பக்கம் சாய்ந்தவன். டெட் கோவன் உருவாக்கிய அவனுக்குப் பெரும்பாலான கதைகளை எழுதியவர் ஜெர்ரி சீகல். 1938இல் ஜோ ஷூஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல்! அந்த உரிமையை இருவரும் 130 டாலருக்கு விற்றுவிட்டனர். சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய, அன்று 10 சென்ட் விலையுள்ள அந்த இதழின் ஒரு படி 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. படைத்தவனுக்குக் கிடைத்ததையும் அட்டை கசங்காமல் காத்தவனுக்குக் கிடைத்ததையும் அருகருகே வைத்துப் பார்க்கையில், சேகரிப்பு என்பதன்மீது எனக்கு ஒரு சங்கடம் எழுவதுண்டு.

மூன்றாவது வினாவுக்கு வருகிறேன். ‘மாயாவியின் இரும்புக்கை எந்தக் கை?’

1991. எனக்குப் பன்னிரண்டு வயது. உத்தர ரங்கநாதர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு திண்ணையில் நாங்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தோம். குடியாத்தம் போகும் சாலையிலிருந்த பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய இதழ்களே எங்கள் செல்வம். அன்று கையில் நூல் இல்லை; அதனால் வாதம் முற்றியது. வலக்கை என்று நானும் இடக்கை என்று மற்றவர்களும் கத்திக்கொண்டிருந்தபோது, எங்கள் தெருவின் கடைசி வீட்டு மாமா அவ்வழியே வந்தார்.

அவர் ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப் ஒன்றில் வேலை செய்தவர். பதனிட்ட தோலைச் சீரான கனத்துக்குச் செதுக்கும் ஷேவிங் மெஷினில், வேகமாகச் சுழலும் உருளை முழுக்கக் கத்திகள் இருக்கும். ஈரத் தோலைக் கையால் விரித்து அதனுள் கொடுக்க வேண்டும். இரண்டாண்டுகளுக்கு முன் ஓர் இரவுப் பணியில் தோலோடு அவருடைய வலக்கையும் உள்ளே போயிருந்தது. மணிக்கட்டுக்குக் கீழே கட்டைவிரலும் அதை ஒட்டிய சிறு சதையும் மட்டுமே எஞ்சின. வெளியே வரும்போது அதன்மேல் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வார்.

“வலக்கைதான்டா! மாமா கையப் பாருங்க, அந்தக் கைதான். மாமாவும் மாயாவிதான்!” என்று கூவினேன்.

நண்பர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார் என்றே என் நினைவு. வினாவை வென்ற களிப்பில் நான் அவர் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. ஒரே வாரத்தில் அது தெருவின் பெயராயிற்று. பால்காரர் ‘மாயாவி வீடு’ என்றார். தேநீர்க் கடையில் ‘மாயாவிக்கு ஒரு டீ’ என்றார்கள். பள்ளியில் அவருடைய மகளைப் பிள்ளைகள் ‘மாயாவி பொண்ணு’ என்றழைத்தார்கள். அவள் என்னைவிட மூன்று வகுப்புகள் கீழே படித்தாள். ஒருநாள் இடைவேளையில் அவள் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்தும் நான் விலகிப்போனேன்.

சில மாதங்கள் கழித்து அவரே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நடுங்கினேன்.

“அந்த மாயாவி பொஸ்தகம் இருந்தா குடுடா. யாருதான் அவன், பாக்கறேன்.”

கொடுத்தேன். படித்துவிட்டு அடுத்ததைக் கேட்டார். அப்புறம் அடுத்தது. லூயி கிராண்டேல் என்ற ஆய்வுக்கூட உதவியாளன் விபத்தில் வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொள்கிறான். மற்றொரு விபத்தில் மின்சாரம் பாய, அவன் உடல் மறைந்து எஃகுக் கை மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. 1962 அக்டோபரில் ‘வேலியன்ட்’ என்ற பிரித்தானிய இதழில் தொடங்கிய கதை இது. ஓவியர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. அந்தரத்தில் தனியே மிதந்து வரும் ஒரு கையை அவர் தீட்டிய விதம் எங்கள் கனவுகளிலெல்லாம் வந்தது.

ஒரு மாலை நூலைத் திருப்பித் தந்தபோது மாமா சொன்னார்: “எழுதினவன் சரியாத்தான் எழுதிக்கிறான்டா. கைதான் தெரியுது, ஆளு தெரியறதில்ல. எங்கனா போனா எல்லாரும் துண்டையே பாக்கறாங்க. நான் ஒருத்தன் நிக்கறேன்னு யாருக்கும் தோணல.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது எனக்குள் ஆறாமல் கிடக்கிறது.

அந்த நூல்களில் அவர் இன்னொன்றும் செய்தார். இரவுக் காவலர் வேலை ஒன்று கிடைப்பதாக இருந்தது. வந்துபோகும் லாரிகளின் எண்ணையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுதத் தெரிய வேண்டும் என்றார்களாம். இடக்கையால் எழுதிப் பழக அவர் தேர்ந்தெடுத்தது என் காமிக்ஸின் ஓரங்களை. பேச்சுக் குமிழிகளில் இருந்த வாசகங்களைப் பென்சிலால் பக்கத்து வெள்ளையில் பார்த்து எழுதினார். முதல் நூலில் எழுத்துகள் சாய்ந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். பதினொன்றாவது நூலில் வரி நேராகிவிட்டது. வேலையும் கிடைத்தது. 2009இல் மறையும்வரை அவர் இடக்கையால்தான் எழுதினார்.

சென்னை அன்பர் அந்தப் பதினோரு இதழ்களையும் தனியே எடுத்து வைத்தார். “மற்றவற்றுக்கு நல்ல விலை தரலாம் சார். இவற்றில் எழுத்து இருக்கிறதே. பென்சில்தானே? நல்ல ரப்பராக வாங்கி மெதுவாக அழித்துப் பாருங்கள். போய்விட்டால் இவற்றுக்கும் அதே விலை” என்றார். அவர்மீது பிழையில்லை, அவருடைய துறையின் இலக்கணம் அது. ஆனால் எனக்குக் கற்பிக்கப்பட்டது வேறு இலக்கணம். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரின் வழியில் வந்த எங்கள் துறையில், ஏட்டின் கடைசியில் எழுதியவன் தன் பெயரையும் நாளையும் குறித்திருந்தால் அது ஏட்டின் குறையன்று. அந்த ஒரு வரிக்காகவே சிதைந்த சுவடியைப் போற்றுவோம்.

இவ்வளவு தெரிந்த நான் அன்றிரவு ரப்பரை எடுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் பணத் தேவை இருந்தது. முதல் நூலின் நான்காம் பக்கத்தில் ஒரு சொல்லைத் தேய்த்தேன். கரி போயிற்று, பள்ளம் போகவில்லை. பழகாத கை அத்தனை அழுத்தி எழுதியிருந்தது. தாளைத் திருப்பினால் மறுபக்கத்தில் எழுத்துகள் தடித்துத் தெரிந்தன. விரலால் தடவிப் பார்த்தேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

எழுத்தில்லாத இதழ்களை அன்பருக்கே விற்றேன். பதினொன்றையும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசி வீட்டுக்குப் போனேன். மகள் இப்போது ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் பிரிவில் இருக்கிறாள். வாரத்தில் ஆறு நாள் கம்பெனி பஸ்ஸில் போய்வருபவளை ஞாயிறன்றுதான் வீட்டில் பார்க்க முடியும்.

“அப்பா எழுதினதும்மா” என்று நூல்களை நீட்டினேன். வாங்கித் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன்: அந்தப் பெயரை வைத்தவன் நான்தான் என்று.

அவள் தலை நிமிரவில்லை. “நீங்கதானாண்ணா?” என்றாள். நெடுநேரம் கழித்து, “யார் வெச்சதுன்னு அழுதழுது கேட்டேன். அப்பா கடைசி வரைக்கும் சொல்லல. பசங்க யாரோ வெளையாட்டுக்கு வெச்சிட்டாங்க, வுடும்மான்னாரு” என்றாள்.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பதினோராவது நூலை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருப்பித் தந்தாள். “இதுலதான் எழுத்து அப்பா எழுத்து மாதிரி இருக்குதுண்ணா” என்றாள்.

பெட்டியில் இப்போது பத்து இதழ்கள் இருக்கின்றன. பிரித்தானியாவில் அந்தப் பழைய கதைகளை 2021இல் அழகிய நூலாக மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள். சிவகாசியில் முத்து காமிக்ஸும் 2022இல் ஐம்பது ஆண்டுகளை நிறைவு செய்தது. கதைகள் கிடைக்கும். எந்தக் கை என்று இனி யாரேனும் என்னிடம் கேட்டால், விடை தெரிந்தும் உடனே சொல்ல வாய் வராது.