மலையேறிய பென்டிரைவ்

இணையமே இல்லாத கம்ப்யூட்டருக்கு வைரஸ் எப்படி வரும் என்று ராசிங்காபுரத்தில் என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. போடியிலிருந்து தேவாரம் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். பலருக்கு வீடு அடிவாரத்தில், பிழைப்பு மலையில். விடியும் முன்பே ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் கிளம்பிவிடும். தோட்டத்து ஆபீஸ் அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கும். ஆள் கணக்கு, காய் எடை, உரம் மருந்து வாங்கிய கணக்கு எல்லாம் அதில். கீழே முதலாளி வீட்டில் இன்னொரு கம்ப்யூட்டர். இரண்டையும் இணைத்தது கணக்கப்பிள்ளையின் சட்டைப்பையில் கிடந்த ஒரு பென்டிரைவ். சனிக்கிழமை இறங்கும், திங்கட்கிழமை ஏறும். நான் தொழில் கற்றுக்கொண்டது அந்தப் பென்டிரைவின் பின்னால் போய்த்தான்.

2012-ல் போடியில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடைக்காரரை அண்ணன் என்றே கூப்பிடுவோம். அந்த வருஷத்து மின்வெட்டை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு ஹார்டு டிஸ்க் முழுவதையும் ஆன்ட்டிவைரஸ் போட்டு ஸ்கேன் செய்ய மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். பாதியில் கரண்ட் போய்விடும். வந்த பிறகு திரும்ப முதலிலிருந்து. அதனால் அண்ணன் ஸ்கேனை நம்பி உட்காருவதில்லை. கண்ணால் தேடி, கையால் பிடித்து, கரண்ட் இருக்கும்போதே வேலையை முடித்துவிடுவார். ஸ்கேன் எல்லாம் அதற்குப் பிறகு, விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று பார்ப்பதற்கு. அந்த வரிசையை நான் இன்றுவரை மாற்றவில்லை.

வைரஸ் பிடித்த மெஷினை அவர் முதலில் என்னிடம் கொடுக்கவில்லை. புதிதாக விண்டோஸ் எக்ஸ்பி ஏற்றிய மெஷின் ஒன்றின் முன்னால் உட்காரவைத்தார். “இதுல என்னென்ன ஓடுது, ஒவ்வொண்ணும் எந்த ஃபோல்டர்ல இருந்து ஓடுது, எது எதைக் கிளப்பி விடுதுன்னு எழுதுடா தம்பி.” எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் அம்மா போடியில் ஏலக்காய்க் கடையில் காய் பிரிக்கப் போனவர். கெட்ட காய் எப்படி இருக்கும் என்று அங்கே யாரும் சொல்லித்தருவதில்லை, நல்ல காய் கைக்குப் பழகிவிட்டால் மற்றது தானாக விரலில் தட்டும் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அண்ணன் செய்ததும் அதுவே என்று கொஞ்ச நாளில் புரிந்தது.

அந்தப் பழக்கம் எவ்வளவு உதவியது என்பதைச் சொல்ல வேண்டும். விண்டோஸில் எஸ்விசிஹோஸ்ட் என்று ஒரு நிரல் உண்டு. ஒரே நேரத்தில் ஐந்தாறு ஓடிக்கொண்டிருப்பது இயல்பு. சிஸ்டம்32 என்ற ஃபோல்டரிலிருந்து, சர்வீசஸ் என்ற நிரல் கிளப்பிவிட்டு ஓடும். அதே பெயரில் ஒன்று வேறு ஃபோல்டரிலிருந்து ஓடினால் அது திருட்டு. பெயரில் ‘வி’யும் ‘சி’யும் இடம் மாறியிருந்தாலும் திருட்டு. எல்சாஸ் என்பதன் முதல் எழுத்தான சின்ன ‘எல்’லுக்குப் பதில் பெரிய ‘ஐ’ போட்டிருப்பார்கள். திரையில் இரண்டும் ஒரே கோடாகத் தெரியும். சரியானதை எழுதி எழுதிப் பழகிய கண்தான் இதில் நிற்கும்.

ஹைஜாக்திஸ் என்ற சின்ன மென்பொருளை அண்ணன் விரும்பியதற்கும் இதே காரணம். நெதர்லாந்தைச் சேர்ந்த மெரைன் பெல்லகோம் மாணவராக இருக்கும்போது எழுதியது. 2007-ல் அதை டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் வாங்கிக்கொண்டது. எது நல்லது எது கெட்டது என்று அது சொல்லாது. மெஷின் கிளம்பும்போது எவையெல்லாம் கூடவே கிளம்புகின்றன, பிரவுசரில் என்னென்ன ஒட்டியிருக்கிறது, முகப்புப் பக்கத்தை யார் மாற்றினார்கள் என்று வரிசையாகப் பட்டியல் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் பார்க்கிறவர். தெரியாமல் டிக் அடித்து நீக்கினால் மெஷினே கிளம்பாது. ஒவ்வொரு வரிக்கும் ‘இது ஏன் இங்கே இருக்கிறது’ என்று நான் பதில் சொன்ன பிறகே மவுஸை என் கையில் கொடுப்பார்.

வைரஸ் முதலில் நம் கையைக் கட்டப் பார்க்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ‘உங்கள் நிர்வாகி இதை முடக்கியுள்ளார்’ என்று செய்தி வரும். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஏது தனி நிர்வாகி? அந்தச் செய்தியே நோய்க்கு அடையாளம். மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொன்னால் ஒரு நொடியில் பழையபடி மறைத்துவிடும். இன்னும் சில ஜோடியாக ஓடும். ஒன்றை நிறுத்தினால் மற்றது அதை எழுப்பிவிடும். இதற்கு மார்க் ருசினோவிச் எழுதிய பிராசஸ் எக்ஸ்ப்ளோரர் வேண்டும். அதில் ஒரு நிரலைக் கொல்லாமல் அப்படியே உறையவைக்கலாம். இரண்டையும் முதலில் உறையவைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். உறைந்தது சாகவில்லை என்பதால் கூட்டாளிக்குச் சந்தேகம் வராது. இதை முதல்முறை பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. இந்தக் கருவிகள் எல்லாவற்றையும் சிடியில் எழுதித்தான் கொண்டுபோவோம். எழுதி மூடிய சிடியில் வைரஸ் ஒட்ட முடியாது.

அந்த வருஷங்களில் எங்களுக்கு வந்த வேலையில் பெரும்பங்கு ஷார்ட்கட் வைரஸ். “தம்பி, பேத்தி காதுகுத்து போட்டோ பூராம் போச்சுப்பா” என்று பென்டிரைவைக் கையில் பொத்திக்கொண்டு வருவார்கள். ஒன்றும் போயிருக்காது. உண்மையான ஃபோல்டர்களைச் சிஸ்டம் ஃபைல் என்று முத்திரை குத்தி மறைத்துவிட்டு, அதே பெயர்களில் ஷார்ட்கட்டுகளை வைத்திருக்கும். அதைச் சொடுக்கினால் படங்களும் திறக்கும், பின்னால் வைரஸும் ஓடும். அதனால் பல நாள் யாருக்கும் தெரியாது. அவசரப்பட்டுப் பென்டிரைவை ஃபார்மட் செய்கிறவர்கள் கையால் உண்மையிலேயே படங்கள் அழிந்துபோகும். செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முதலில் டபிள்யூஸ்கிரிப்ட் என்று ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்த வேண்டும். கருப்புத் திரையில் அட்ரிப் கட்டளையை எச், ஆர், எஸ் மூன்றுக்கும் கழித்தல் குறி போட்டு அடிக்க வேண்டும். ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். அப்போது வந்தவர்களின் முகத்தைப் பார்ப்பதற்காகவே இந்தத் தொழிலில் இருக்கலாம்.

ஆனால் ஷார்ட்கட் வெறும் தொந்தரவு என்று எண்ணியவர்கள் ஏமாந்தார்கள். அந்தக் குடும்பத்தில் ஒன்றான ஜென்க்ஸ்கஸ் உளவு நிரல். இணையம் கிடைத்த கணத்தில் எங்கோ இருக்கும் ஒருவனுக்குக் கதவைத் திறந்துவிடும். அவன் அங்கிருந்தே மெஷினை இயக்கலாம். 2014 ஜூன் கடைசியில் மைக்ரோசாப்ட் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போய் இதன் வலையை அறுக்க வேண்டியிருந்தது. நாம் காதுகுத்துப் படம் தேடிக்கொண்டிருந்தபோது அது வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தது.

இனி அந்தத் தோட்டத்து முதலாளி வீட்டுக்கு வருகிறேன். எங்கள் ஊரிலேயே ஒரு வீடு. மெஷினைச் சுத்தம் செய்து கொடுப்போம், ஒரு வாரத்தில் திரும்ப வரும். “கடையில சரியாப் பாக்க மாட்டேங்கறாக” என்று பெரியவருக்கு வருத்தம். அண்ணன் மெஷினைத் தொடாமல் கேட்டார்: “ஐயா, இந்தப் பென்டிரைவ் எங்கெங்க போயிட்டு வருது?” தோட்டத்து ஆபீஸ், கணக்கப்பிள்ளை மகன் படிக்கிற காலேஜ் பக்கத்து ஜெராக்ஸ் கடை, போட்டோ ஸ்டுடியோ, ஜீப் டிரைவர் பாட்டு ஏற்றும் கடை. ஒரு தாளில் எழுதி என் கையில் கொடுத்து, நாளைக்கு ஜீப்பில் ஏறிக்கொள் என்றார்.

கூடவே ஒரு வெறும் பென்டிரைவும் அரசு மடிக்கணினி ஒன்றும் கொடுத்தார். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை பலவற்றில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பிள்ளைகள் அந்தப் பக்கமே போவதில்லை. எங்களுக்கோ அது பொக்கிஷம். விண்டோஸுக்காக எழுதிய வைரஸ் லினக்ஸில் ஓடாது, ஒளியவும் தெரியாது. சந்தேகப்பட்ட மெஷினில் வெறும் பென்டிரைவைச் சொருகி, கொஞ்சம் பொறுத்து எடுத்து, லினக்ஸில் திறந்து பார்க்க வேண்டும். ஒன்றும் போடாத பென்டிரைவில் ஃபைல் இருந்தால், போட்டது யார் என்று கேட்கவே வேண்டாம். எனக்குத் தெரிந்த சோதனைகளில் இதைவிட எளியதும் நேர்மையானதும் இல்லை.

சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டத்தில் அந்த ஆபீஸ் அறை ஏலக்காய் ஸ்டோருக்கு ஒட்டினாற்போல் இருந்தது. எக்ஸ்பி மெஷின். வாங்கிய நாளிலிருந்து ஒரு அப்டேட்டும் கண்டதில்லை. இணையம் இல்லாததால் ஆன்ட்டிவைரஸும் பழசாகிக் கிடந்தது. வெறும் பென்டிரைவ் கணத்தில் நிறைந்தது. பென்டிரைவைச் சொருகியதுமே உள்ளிருப்பது தானாக ஓடும் ஆட்டோரன் வசதியை மைக்ரோசாப்ட் 2011 பிப்ரவரியில் அப்டேட் மூலம் அடைத்தது. அந்த அடைப்பு மலைக்கு ஏறவே இல்லை. இணையம் இல்லை என்பதையே பாதுகாப்பாக நினைத்திருந்தார்கள். நடந்தது தலைகீழ். நோய் பென்டிரைவில் ஏறிவிட்டது, மருந்துதான் இணையத்தில் நின்றுபோனது.

இது நம் மலைக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 2010-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட், வெளி இணையத்தோடு தொடர்பில்லாத ஈரானின் நத்தான்ஸ் அணு நிலையத்துக்குள் யூஎஸ்பி வழியாகப் புகுந்தது என்பதே நிபுணர்களின் முடிவு. பென்டிரைவில் ஷார்ட்கட் படத்தைத் திரையில் காட்டினாலே போதும், சொடுக்கக்கூட வேண்டாம் என்கிற ஓட்டையை அது பயன்படுத்தியது. சைமன்டெக் நிறுவனத்தின் கணக்கில், தொற்றிய கணினிகளில் 8.31 சதவீதம் இந்தியாவில் இருந்தன. ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம். மலையிலிருந்து இறங்கியதும் அண்ணன் இதைச் சொன்னபோது, அந்தச் சின்ன அறையும் உலகமும் ஒரே கயிற்றில் கட்டியிருப்பது எனக்கு உறைத்தது.

மேலும் கீழும் ஒரே நாளில் சுத்தம் செய்தோம். ஸ்டுடியோக்காரரிடமும் ஜெராக்ஸ் கடைக்காரரிடமும் அண்ணன் தானே போய்ப் பேசி, காசு வாங்காமல் பார்த்துக் கொடுத்தார். அவர் செய்ததிலேயே பெரிய வைத்தியம் அதுதான் என்பேன். அதற்குப் பிறகு பெரியவர் வீட்டு மெஷின் வைரஸுக்காகக் கடைக்கு வரவில்லை.

எல்லாவற்றையும் கையால் பிடுங்கிவிட முடியாது. சாலிட்டி, ராம்னிட் போன்றவை தனி ஃபைலாக நிற்காமல் மற்ற நிரல்களின் உடம்புக்குள் புகுந்துகொள்ளும். சாலிட்டி சேஃப் மோடு கிளம்புவதற்கான பதிவுகளையே அழித்துவிடும். அங்கே ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறு சுத்தமான மெஷினில் மாட்டித் தரவை எடுத்துக்கொண்டு, ஃபார்மட் செய்வதே முறை. எடுப்பதில்தான் கவனம் வேண்டும். நிரல் ஃபைல் எதையும் எடுக்கக் கூடாது. படங்கள், கடிதங்கள், டேலி டேட்டா ஃபோல்டர் கட்டாயம். இவற்றோடு எழுத்துரு ஃபோல்டரையும் எடுக்க வேண்டும். பாமினியிலோ வானவில்லிலோ அடித்த ஒரு பத்திர நகல், அந்த எழுத்துரு போய்விட்டால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஃபைல் பத்திரமாக இருக்கும், படிக்க ஆள் இருக்காது. இதை எந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை. டிடிபி கடைக்காரர்களிடம் பழகிய அண்ணனுக்குத் தெரிந்திருந்தது.

பூனாவில் கைலாஷ் கட்கர் நடத்திய ரிப்பேர் கடைக்கு வைரஸ் பிடித்த மெஷின்கள் வந்துகொண்டே இருந்ததால், தம்பி சஞ்சய் எழுதிய கருவிதான் 1990-களின் நடுவில் குயிக் ஹீல் என்ற ஆன்ட்டிவைரஸ் ஆனது. மருந்து பிறந்ததே எங்களைப் போன்றவர்களின் மேசையில் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

மேசைக்கு ஒரு ஒழுக்கமும் உண்டு. ஒருவர் வீட்டுக் கம்ப்யூட்டர் என்பது அவர் வீட்டு அலமாரி. “பையன் என்னென்ன பாக்குறான்னு பாத்துச் சொல்லு தம்பி” என்று அப்பாக்கள் கேட்பார்கள். அண்ணன் மாட்டேன் என்றுவிடுவார். வைரஸ் எந்தத் தளத்திலிருந்து வந்தது என்று தெரிந்தாலும் பையனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார். கூச்சப்படுத்தினால் அடுத்த முறை உண்மையைச் சொல்ல மாட்டான், உண்மை தெரியாமல் வைத்தியம் இல்லை. படங்களைத் திறந்து பார்க்க எனக்கும் அனுமதி கிடையாது. எண்ணிக்கையைச் சரிபார்ப்பதோடு சரி.

இப்போது ராசிங்காபுரத்திலேயே கடை வைத்திருக்கிறேன். தோட்டத்து ஆபீஸ்களிலும் மொபைல் டவர் எடுக்கிறது. பென்டிரைவின் வேலையை வாட்ஸ்அப் எடுத்துக்கொண்டது. கல்யாணப் பத்திரிகை என்றும், வண்டிக்கு அபராதம் என்றும் ஏபிகே ஃபைலாக வருகிறது. திறந்து அனுமதி கொடுத்தால் வங்கியிலிருந்து வரும் ஓடிபியைப் படித்து அனுப்பிவிடும். அப்படித் திறந்துவிட்டால் முதலில் ஏரோபிளேன் மோடு போட்டு வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஆப்புக்குக் கொடுத்த அக்சசிபிலிட்டி, டிவைஸ் அட்மின் அனுமதிகளை எடுத்த பிறகே அதை நீக்க முடியும். வங்கிக் கடவுச்சொல்லை வேறு போனிலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் கடைக்கு ஓடி வராதீர்கள், பக்கத்து வீட்டுப் போனிலிருந்து முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். போனை நான் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.