நேத்ராணியில் மூன்றாம் நாள்

பெங்களூரில் இருந்துகொண்டு கடலில் மூழ்கத் திட்டமிடுவது, திருச்சி மலைக்கோட்டை உச்சியில் நின்று காவிரிக் குளியலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்வதை ஒக்கும் என்றார் எங்கள் சேலத்து நண்பர். சொன்னவரே முதலில் பெயர் கொடுத்தார். நாகர்கோவில் தோழி ஒருவர், கோவை நண்பர் இருவர், தூத்துக்குடிக்காரனாகிய யான், ஆக ஐவர். ஐவரும் முன்பே பயிற்சி பெற்று, 18 மீட்டர் ஆழம் வரை முக்குளிக்கச் சான்றிதழ் வாங்கியவர்கள். பருவத்தேர்வு முடிந்ததும் பல நாள் தொடர்ந்து கடலில் முக்குளிக்க வேண்டும் என்பது எங்கள் அவா.

எங்கே போவது? என் நெஞ்சம் மன்னார் வளைகுடாவையே நாடியது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள், பவளப் பாறைகள், கொற்கை முத்தின் பழம்புகழ். ஆனால் அத்தீவுகள் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. படகைக் கட்டிக்கொண்டு தீவு தீவாகச் சுற்றிவர அங்கே வழியில்லை. இருக்கவும் கூடாது என்பேன். பவளப் பாறைகளை வெட்டி வெட்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பிய காலத்தின் பலனாகப் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்துவிட்டன. சொந்த ஊர்க் கடல் எனக்குக் கதவடைத்தது வருத்தமே. எனினும் நியாயமான கதவடைப்பு.

அந்தமானில் படகிலேயே உண்டு உறங்கிப் பல நாள் முக்குளிக்கலாம். எரிமலை புகையும் பாரன் தீவு வரைகூடப் போகலாம். விலையைக் கேட்டோம்; எங்கள் உதவித்தொகையை எண்ணினோம்; பேச்சை மாற்றினோம். இலட்சத்தீவுக்கு நுழைவு அனுமதி வாங்கவேண்டும்; விடுமுறையோ சில நாள்தான்.

எஞ்சியது நேத்ராணி. உத்தர கன்னட மாவட்டத்தில் முருடேசுவரக் கரையிலிருந்து ஏறத்தாழ 19 கிலோமீட்டர் தொலைவில், கடலில் தனியே நிற்கும் பாறைத் தீவு. தென்மேற்குப் பருவக்காற்று அடங்கிய பின்னரே படகுகள் போகும். அங்கே தங்க இடமில்லை. காலையில் போய், இரண்டு முறை மூழ்கி, பிற்பகலில் கரை சேரவேண்டும். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் முக்குளிப்பது, ஞாயிறு இரவே பேருந்து ஏறித் திங்கட்கிழமை காலை ஆய்வுக்கூடத்தில் நிற்பது என்று கோவை நண்பர்கள் அழகாகத் திட்டம் தீட்டினர். காகிதத்தில் ஒரு மணி நேரம்கூட வீணாகவில்லை.

காற்றுக் கணக்கு என் பொறுப்பு. அது எளியது. 12 லிட்டர் சிலிண்டரில் 200 மடங்கு அழுத்தத்தில் காற்று அடைத்தால் 2400 லிட்டர். கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்குபவர், 15 மீட்டர் ஆழத்தில் இரண்டரை மடங்கு அழுத்தத்தில் 50 லிட்டர் செலவழிப்பார். கால் பங்கை ஆபத்துக்கென்று ஒதுக்கினால் மீதம் 36 நிமிடம். கணக்கு முடிந்தது என்று எழுந்தவன், ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன்.

என் தாத்தா மூச்சடக்கிச் சங்கு குளித்தவர். 1961ஆம் ஆண்டின் கடைசி முத்துக்குளிப்பை இளைஞராகப் பார்த்தவர். நெஞ்சில் அடக்கிய ஒரே மூச்சு அவருடைய மூலதனம். தூத்துக்குடிக் கடலில் பின்னர் கம்ப்ரஸர் வந்தது. படகிலிருந்து குழாய் வழியே காற்று இறங்க, மணிக்கணக்கில் அடியில் இருக்கலாம். சித்தப்பா அந்தத் தலைமுறை. ஒருநாள் விரைந்து மேலே வந்தார்; அன்று முதல் இடக்கால் இழுக்கிறது. எங்கள் திட்டத்தைக் கேட்டவர், ஆழத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

"ஏலே, முங்கிட்டு அன்னைக்கே மலை ஏறப் போறியளா?" என்றார்.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் அவர். ஹென்றி விதியைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். நீரடியில் அழுத்தம் மிகுதியாவதால், சுவாசிக்கும் நைட்ரஜன் குருதியிலும் தசையிலும் கரைகிறது. மெல்ல மேலே வந்தால் மூச்சோடு வெளியேறும். விரைந்து வந்தால், சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் உடம்புக்குள்ளேயே குமிழியாகும். மூட்டு வலியும் முடமும் சிலபோது மரணமும் அதனால் வரும். 1908ஆம் ஆண்டு ஹால்டேன் என்னும் அறிஞர் வெள்ளாடுகளை அழுத்த அறையில் அடைத்துச் சோதித்து, எவ்வளவு மெல்ல ஏறவேண்டும் என்று அட்டவணை வகுத்தார். (அவர் மகன்தான் 1957இல் இந்தியாவுக்குக் குடியேறி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த உயிரியல் அறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன்.)

வழக்கமான அட்டவணைகள் கடல்மட்டத்தில் தங்குபவருக்கானவை. நாமோ 900 மீட்டருக்கு மேல் குடியிருக்கிறோம். சென்னை மாணவருக்குக் கரையேறியதும் ஏற்றம் முடிந்தது. பெங்களூர் மாணவருக்கு மேற்குத் தொடர்ச்சி மலை பாக்கி. பல நாள் தொடர்ந்து முக்குளித்தவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது முக்குளிப்போர் பாதுகாப்பு வல்லுநர்கள் 2002இல் வகுத்த நெறி. விமானத்துக்குள் 2000 அடி முதல் 8000 அடி வரை உயரத்துக்கு ஒத்த அழுத்தம் நிலவும் என்று கொண்டே அதை வகுத்தனர். பெங்களூரின் உயரம் 3000 அடி! நம் பேருந்து இறக்கையில்லாத விமானம்.

இதை விடுதி அறையில் எடுத்துரைத்தபோது பெரும்போர் மூண்டது. "பெங்களூருக்கும் கடற்கரைக்கும் உள்ள அழுத்த வேற்றுமை ஒரு மீட்டர் தண்ணீர்தானே? அதற்கா இவ்வளவு அச்சம்?" என்றார் கோவை நண்பர். கேள்வி நல்ல கேள்வி, எண்ணும் சரி. ஆயினும் அட்டவணை தந்த சலுகை முழுவதையும் கரையேறும்போதே செலவழித்துவிடுகிறோம். மூன்று நாள் சேர்ந்த நைட்ரஜன் உடம்பில் மிச்சமிருக்க, மேலும் ஒரு மீட்டரைக் கடன் கேட்பது எந்தக் கணக்கில் சேரும்? நள்ளிரவில் மலைப்பாதையில், பேருந்துக்குள் ஒருவருக்குக் கால் மரத்தால் என்ன செய்வோம்? உயர் அழுத்த அறையுள்ள மருத்துவமனை எங்கே என்று அதுவரை எங்களில் யாரும் விசாரித்திருக்கவில்லை. நாகர்கோவில் தோழிதான், "மூன்றாம் நாளை அடித்துவிடுங்கள்" என்று முதலில் சொன்னார். அவருக்கு இது எளிதன்று. இதற்காகவே ஆறு மாதம் மாலைநேரப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பணம் சேர்த்தவர் அவர்.

வாக்கெடுப்பில் மூவர் எங்கள் பக்கம். ஞாயிற்றுக்கிழமை முக்குளிப்பு நீக்கப்பட்டது. சனிக்கிழமை நண்பகலுக்குள் கடைசி முழுக்கு. ஞாயிறு இரவு பேருந்து. இடையில் 30 மணி நேரத்துக்கும் மேல். அழுத்த அறையுள்ள மருத்துவமனையின் தொலைபேசி எண்ணை ஐவரும் எழுதி வைத்துக்கொண்டோம். அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்றும் கேட்டுக்கொண்டோம். படகுக்காரரிடம் பிராணவாயு உண்டா என்று கன்னடத்தில் கேட்கும் வாக்கியத்தைச் சேலத்து நண்பர் மனப்பாடம் செய்கிறார்.

தோற்ற கோவை நண்பருக்கு என்மேல் இன்னும் கோபம். நேற்று வந்து, "ஞாயிற்றுக்கிழமை முருடேசுவரத்து இராசகோபுரத்தில் லிப்ட் ஏறலாமா, அதற்கும் தடையா?" என்று கேட்டார். 237 அடிக் கோபுரம். அவ்வளவு உயரக் காற்றின் எடையைக் கணக்கிட்டேன். ஒரு சாண் தண்ணீரில் பாதிகூட இல்லை. தாராளமாக ஏறலாம் என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்திருக்கிறேன்.