ஆமைக்கு இட்ட சோறு

அன்பு இருந்தால் போதும், அறிவு பின்னால் வரட்டும் என்று எண்ணுவோர் நம்மவருள் பலர். நாமும் அவ்வாறு எண்ணியிருந்தவரே. அவ்வெண்ணத்தை நம் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வாழ்ந்த இரண்டு ஆமைக்குஞ்சுகள் மாற்றிவிட்டன.

நாம் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்த்து வருகிறோம். தீபாவளிக்குத் துணி எடுக்கப் பட்டணம் சென்றபோது, நம் ஆறு வயது மகன் ஒரு கடை வாயிலில் நீராமைக் குஞ்சுகளைக் கண்டு நகர மறுத்தான். கண்ணுக்குப் பின்னே செந்நிறக் கோடுடைய இவ்வாமைகளின் பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கு. இரண்டு வாங்கி வந்தோம். கடையில் கொடுத்த உலர்ந்த இறாலையும், நாம் உண்டு மிஞ்சிய சோற்றையும் நாள் தவறாமல் இட்டோம்.

“கீரைத்தழை கொஞ்சம் போட்டுப் பாருங்களேன்” என்றார் நம் துணைவியார்.

“ஆமை உணவென்று புட்டியிலே ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. உனக்கென்ன தெரியும்?” என்றோம். ஆங்கிலம் படித்த அகந்தை அவ்வாறு பேசிற்று.

சில மாதங்களில் ஒன்றன் இமைகள் வீங்கிக் கண்கள் மூடிக்கொண்டன. மற்றதன் ஓடு விரல் பட்டால் நெகிழ்ந்தது. கால்நடை வைத்தியரிடம் கொண்டு செல்வதற்கு முந்திய இரவே ஓடு நெகிழ்ந்த ஆமை இறந்துபோயிற்று.

“அப்பா, தினமும் சாப்பாடு போட்டோமே, பிறகு ஏன் செத்துப்போனது?” என்று மகன் கேட்டான். நமக்கு விடை தெரியவில்லை.

விடையை வைத்தியர் கூறினார். கண் வீங்கியது ‘ஏ’ உயிர்ச்சத்துக் குறைவால். ஓடு மெலிந்தது சுண்ணாம்புச் சத்துக் குறைவால். உலர்ந்த இறாலும் வெள்ளைச் சோறும் இவ்விரண்டையும் வேண்டிய அளவு தரமாட்டா. மேலும், உண்ட சுண்ணாம்பு உடலில் சேர ‘டி’ உயிர்ச்சத்து வேண்டும். அதை உண்டாக்க வெய்யில் வேண்டும். சன்னலோரம் தொட்டியை வைத்தோமே என்றோம். அதற்குரிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும் என்றார்.

நாம் வெட்கினோம். தோட்டத்தின் உரக் கணக்கு எழுதுவது நம் கையே. மக்னீசியம் குறைந்தால் செம்பனையின் ஓலை மஞ்சள் பூக்கும் என்பதை அறிவோம். மரத்துக்குத் தெரிந்த நீதி, மடியில் வைத்துக் கொஞ்சிய உயிருக்குத் தெரியாமற் போயிற்று!

வயிறு நிறைவது வேறு, உடல் நிறைவது வேறு என்னும் பாடம் இந்நாட்டுக்குப் புதிதன்று. 1905-ஆம் ஆண்டின் இறுதியில், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளை இரு கூறாக்கி, ஒரு கூறுக்குத் தீட்டிய சயாம் வெள்ளரிசியும் மறு கூறுக்கு இந்தியப் புழுங்கலரிசியும் கொடுத்துவந்தார். வெள்ளரிசி உண்டோரிடையே பெரிபெரி நோய் பரவிற்று. புழுங்கலரிசி உண்டோர் பெரும்பாலும் தப்பினர். தவிட்டோடு கழியும் ‘பி’ உயிர்ச்சத்தைப் புழுக்குதல் அரிசிக்குள்ளேயே நிறுத்திவிடுகிறது என்பது பின்னர் விளங்கிற்று. மாண்டவரும் பசியால் மாளவில்லை. நிறைந்த வயிற்றோடுதான் மாண்டனர்.

எஞ்சிய ஆமைக்கு வைத்தியர் மருந்திட்டார். ‘ஏ’ உயிர்ச்சத்து மிகுந்தாலும் கேடு. ஆதலின் அதை நாமாகக் கொடுக்கலாகாது என்றும் எச்சரித்தார். அவர் வகுத்த முறை இது: குஞ்சுக்கு நாள்தோறும் இரை, வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள். குஞ்சுப் பருவத்தில் புழு, சிறுமீன் போன்ற புலால் மிகுதியாக வேண்டும். வளர வளரத் தழையே பெரும்பங்கு. கடுகுக்கீரை, கங்கோங், துருவிய பறங்கிக்காய் ஆகியவை நன்று. பசலையும் முளைக்கீரையும் சுண்ணாம்பைக் கட்டிவிடுமாதலால் அன்றாடம் ஆகா. ஆமைக்கென்று செய்த நல்ல உருண்டைத் தீனி ஒரு பங்கு. கொறிக்கக் கணவாய் ஓடு ஒரு துண்டு. சோறும் ரொட்டியும் வேண்டா. இரையைத் தண்ணீரிலேயே இட வேண்டும். கால் மணி நேரத்தில் தின்றது போக மிஞ்சியதை எடுத்துவிட வேண்டும். காலையில் சிறிது நேரம் நேர் வெய்யிலும், ஒதுங்க நிழலும் வேண்டும். ஆமையைத் தொட்ட கையைச் சவர்க்காரம் இட்டுக் கழுவாவிடில், அதன் மேலுள்ள கிருமி குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும்.

சில வாரங்களில் ஆமை கண் திறந்தது. முதல் நாள் தழையை முகர்ந்து விலகிற்று. ஒரு வாரம் சென்றபின் கவ்வி இழுத்தது. அந்தக் கீரை துணைவியார் கொல்லையில் வளர்த்தது. அவரிடம் நம் தவற்றை ஒப்புக்கொண்டோம். அன்றிரவு மகனின் தட்டையும் உற்றுப் பார்த்தோம்: வெள்ளைச் சோறு, பொரித்த கோழி, பச்சை என்பது மருந்துக்கும் இல்லை!

அன்பர்களே, இவ்வகை ஆமை நன்கு பேணினால் இருபது ஆண்டுக்கு மேலும் வாழும். அதை வாங்குமுன் அது என்ன தின்னும் என்று கேளுங்கள். வாங்கிய பின் கேட்ட நாம், ஓர் உயிரை விலையாகக் கொடுத்தோம்.