வந்து சொல்லும் பிள்ளை

கேரளத்தின் வல்லார்பாடம் மாதா கோவில் முற்றத்தைப் பெருக்கும் அம்மாக்களைப் பார்த்தவர்களுக்கு, பிள்ளையைப் பற்றிய பயம் எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. 1752இல் படகு கவிழ்ந்து காயலில் மூழ்கிய மீனாட்சியம்மாவும் அவருடைய குழந்தையும் மூன்றாம் நாள் உயிரோடு மீட்கப்பட்டார்கள் என்பது அந்தக் கோவிலின் ஐதிகம். அந்த நம்பிக்கையில்தான் இன்றும் மதம் பார்க்காமல் வந்து, முற்றம் பெருக்கி, பிள்ளைகளை மாதாவிடம் ஒப்படைக்கிறார்கள்.

இன்று பெற்றோரைப் பிடித்து ஆட்டும் பயம் போன். கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்த 2020 ஜூனில் கேரளப் பள்ளிப் பாடங்கள் விக்டர்ஸ் கல்வி டிவி சேனலுக்குப் போயின. வீட்டுப்பாடமும் சந்தேகமும் வாட்ஸப்புக்கு வந்தன. பள்ளிகள் திறந்த பிறகும் போன் பிள்ளைகள் கையிலேயே தங்கிவிட்டது. யாரோடு பேசுகிறாள், என்ன அனுப்புகிறான் என்ற கவலையில் பெற்றோர் தூக்கம் தொலைப்பது நியாயம்தான்.

ஆனால் பலர் பிடிக்கும் வழிதான் தவறு. பிள்ளை குளிக்கப் போகும் நேரம் போதும். அதன் வாட்ஸப்பில் மூன்று புள்ளியைத் தொட்டு, ‘லிங்க்டு டிவைசஸ்’ திறந்து, லேப்டாப் திரையில் தெரியும் க்யூஆர் கட்டத்துக்கு நேரே பிடித்தால் ஆயிற்று. அதன் பிறகு பிள்ளைக்கு வருவதெல்லாம் அம்மாவின் திரையிலும் விழும். என்றாவது பிள்ளை அதே பக்கத்தைத் திறந்தால், இணைந்திருக்கும் கருவியும் அது கடைசியாக இயங்கிய நேரமும் அங்கே எழுதியிருக்கும். அன்றோடு வீட்டில் பேச்சு குறையும். வீட்டுக்குத் தெரியாமல் இன்னொரு கணக்கு முளைக்கும். செய்திகள் 24 மணி நேரத்தில் தாமே அழியும்படி மாற்றப்படும்.

இதில் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஒரு படத்தை வாங்கி வைத்துக்கொண்டு பிள்ளையை மிரட்டுகிறவன், “உன் வீட்டில் சொல்லிவிடுவேன்” என்றுதான் தொடங்குகிறான். நம் பிள்ளைக்கு நம்மிடம் இருக்கும் பயம்தான் அவனுடைய முதலீடு. திருட்டுத்தனமாகப் படிக்கும் பெற்றோர் அந்த முதலீட்டைப் பெருக்கித் தருகிறார்கள்.

போன் விஷயத்தில் கட்டுப்பாட்டுக்கும் எல்லை உண்டு என்று ஒரு தீர்ப்பும் சொல்கிறது. வல்லார்பாடத்திலிருந்து கோஸ்ரீ பாலங்களைக் கடந்தால் எர்ணாகுளத்தில் கேரள உயர் நீதிமன்றம். ஃபஹீமா ஷிரின் வழக்கில் 2019 செப்டம்பர் 19 அன்று நீதிபதி பி.வி. ஆஷா தீர்ப்பளித்தது அங்கேதான். கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரி விடுதி, மாணவிகள் குறிப்பிட்ட நேரத்தில் போன் பயன்படுத்தக் கூடாது என்றது. மறுத்த மாணவி ஃபஹீமா விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று சொல்லி, அவரைத் திரும்பச் சேர்க்க நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர் வயது வந்தவர். 13 வயதுப் பிள்ளைக்கு அதே சுதந்திரம் கேட்க முடியாது. ஆனால் ஒழுங்கின் பெயரால் எதையும் செய்யலாம் என்பதில்லை, அது வீட்டுக்கும் பொருந்தும்.

எல்லைக்கோடு எங்கே? பதின்வயதினருக்கான இன்ஸ்டாகிராம் டீன் கணக்கில், பிள்ளை கடந்த 7 நாளில் யார் யாருக்குச் செய்தி அனுப்பியது என்பதை, மேற்பார்வை வசதியை இணைத்துக்கொண்ட பெற்றோர் பார்க்கலாம். என்ன எழுதியது என்பதைப் பார்க்க முடியாது. அந்த எல்லை சரி. ஆளைத் தெரிந்துகொள்வது பெற்றோரின் கடமை, தோழியோடு பேசும் பேச்சு பிள்ளையுடையது. மிரட்டலோ, முன்பின் தெரியாத பெரியவரின் நெருக்கமோ, தன்னையே மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ தெரிந்தால் போனைப் பார்த்தே ஆக வேண்டும். அப்போதும் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது, இணையப் பணமோசடிக்கு 1930 இருக்கிறது.

இன்று இரவே பிள்ளையிடம் சொல்லுங்கள்: “யார் என்ன அனுப்பினாலும், நீயே என்ன அனுப்பியிருந்தாலும், முதலில் என்னிடம் வா. திட்ட மாட்டேன், போனைப் பிடுங்க மாட்டேன்.” சொன்னால் மட்டும் போதாது, பிள்ளை வந்து நிற்கும் நாளில் அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.