பொறியியலாளர் மந்திரியானபோது

தொழிலறிந்தவர் மந்திரியானால் தொழிலாளிக்கு விடிவு பிறக்கும் என்று நாமும் ஒருகாலத்தில் மாணவருக்குச் சொன்னதுண்டு. பிரான்சின் எலிசபெத் போர்னுடைய வரலாறு நம்மைச் சற்றே நாணச் செய்கிறது. பாலமும் வீதியும் அமைக்கக் கற்பிக்கும் உயர்கல்லூரியிற் பயின்ற பொறியியலாளர் அவர். 2002இல் அரசாங்கப் புகையிரத நிறுவனத்தில் உயர்பதவி. 2015இல் பாரிஸ் நகரப் போக்குவரத்து நிறுவனத்தின் தலைமை. 2017இல் போக்குவரத்து மந்திரி. தண்டவாளத்தை இவ்வளவு அறிந்த மந்திரிகள் அரிது.

மறு ஆண்டே அவர் கொண்டுவந்த சீர்திருத்தத்தை (பெயர் அதுதான்!) எதிர்த்துப் புகையிரதத் தொழிலாளர், ஐந்து நாளுக்கு இரண்டு நாளாக, மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தனர். சட்டம் நிறைவேறியது. 2019 டிசெம்பர் 31இல் சேர்ந்தவருக்குப் பழைய வேலைப் பாதுகாப்பு உண்டு. மறுநாள் சேர்ந்தவருக்கு இல்லை. இருவருக்கும் வேலை ஒரே தண்டவாளத்தில்தான்.