ஓரியூர் செம்மண்

எங்க கட்டுமாவடிக்குத் தெற்கே, மீமிசல் தாண்டிப் போனா ஓரியூர். 1693 பிப்ரவரி 4-ல் அங்கே வெட்டப்பட்ட அருளானந்தரோட சாவைத்தான் எல்லாரும் பேசுவாங்க. எனக்கு அதுக்கு முந்தின கிட்டத்தட்ட இருபது வருசம்தான் பெருசாப் படுது.

போர்ச்சுகல்காரர் ஜான் டி பிரிட்டோ காவி கட்டினார், பண்டாரசாமியா வாழ்ந்தார், தமிழ் படிச்சு ஊர் ஊரா நடந்தார். கறி, மீன் தொடலை. (எங்க கடற்கரையில மீனை விடுறது லேசா?) 1686-ல் மறவர் சீமையில பிடிச்சு அடிச்சு விரட்டினாங்க. போர்ச்சுகல் வரைக்கும் போனவர், திரும்பி அதே சீமைக்கே வந்தார்.

தடியத்தேவர் ஞானஸ்நானம் வாங்கி, ஒரு மனைவி போதும்னு மத்தவங்களை விலக்கினார். அதுல ஒருத்தி சேதுபதிக்கு உறவு. வினை அங்கே பிடிச்சது. அந்தப் பொண்ணு பக்கமும் நியாயம் இருக்கத்தானே செய்யும்?

புனிதர் பட்டம் 1947-ல்தான் வந்தது. சனங்க அதுக்கெல்லாம் காத்திருக்கலை. ஓரியூர் செம்மண்ணைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோறாங்க.