தண்ணிக்குள் இறங்கும் பிள்ளைக்கு எந்தப் பை?

 

பாடசாலை விடுமுறை வருகிறது. பையன்கள் வழமைபோல வீச்சுவலையும் கையுமாகப் பண்ணைப் பக்கமும் நாவற்குழிப் பக்கமும் திரியத் தொடங்குவார்கள். என்னுடைய வகுப்புப் பையன் ஒருவன் இந்த வாரம் வட்ஸ்அப்பில் ஒரு வீடியோவை அனுப்பி, "சேர், இந்த பாக் வாங்கினா நல்லமா? வலை, மீன் எல்லாம் கொண்டுபோக வசதியா இருக்குமா?" என்று கேட்டிருந்தான். இரண்டு வரியில் பதில் எழுதத்தான் தொடங்கினேன். எழுத எழுத, இது பெற்றோரும் வாசிக்க வேண்டிய விஷயம் என்று பட்டது. அதனால் இங்கே போடுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீடியோவில் இருப்பது வெள்ளைக்காரர் ஆற்றில் மீன் பிடிக்கிற ஒரு முறை. இறகையும் நூலையும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சியைத் தூண்டிலில் கட்டி, தண்ணிக்குள் நின்றபடியே வீசுவார்கள். எங்கள் நாட்டுக்கும் இது புதிது இல்லை. 1880களில் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் விட்டதே இந்த விளையாட்டுக்காகத்தான். ஹோட்டன் சமவெளி ஓடைகளில் ட்ரவுட் இன்றைக்கும் இருக்கிறது.

அவர்களுக்கு இருக்கிற சிக்கல் இதுதான். இடுப்பளவு தண்ணி. ஒரு கையில் தடி, மற்றக் கையில் நூல். பூச்சிப் பெட்டி, கத்தரிக்கோல், நூல்சுருள், மீனை ஏந்துகிற சின்ன வலை எல்லாம் உடம்பிலேயே தொங்க வேண்டும். கீழே வைக்க இடமில்லை. லீ வுல்ஃப் என்ற அமெரிக்கர் 1931 இல் பல பொக்கற் வைத்த கையில்லாத சட்டை ஒன்றைத் தானே தைத்துப் போட்டார் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு நெஞ்சில் கட்டுகிற பை, இடுப்பில் கட்டுகிற பை, ஒரு தோளில் குறுக்கே போட்டு முன்னுக்கு இழுக்கிற பை என்று வந்தன. ஏந்துவலையை முதுகுப் பக்கம் ஒரு காந்தத்தில் மாட்டிவிடுவார்கள். கையைப் பின்னுக்குக் கொண்டுபோய் ஒரு இழுவை, வலை கைக்கு வந்துவிடும். நல்ல யோசனைதான்.

அந்தப் பக்கத்து ஆட்கள் சொல்கிற இன்னொரு விஷயமும் உண்டு. முதுகில் பையோடு ஆற்றைக் கடக்கும்போது இடுப்புப் பட்டியைக் கழற்றிவிட்டுக் கடக்க வேண்டும். விழுந்தால் பையை உதறிவிட்டு எழும்பத்தான். இதை மனதில் வைத்திருங்கள். பிறகு வருகிறேன்.

இனி எங்கள் பக்கம். யாழ்ப்பாணக் கடல்நீரேரி பெரும்பாலும் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட தண்ணி. வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரும் வராது. வள்ளம் இல்லாதவனும் சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு நடந்து நடந்தே பிடிக்கலாம். அப்படி நடந்து பிடிக்கிறவர்களுக்கும் அந்த ஆற்று மனிதர்களுக்கு வந்த அதே சிக்கல் வந்தது. அதற்கு எங்கள் ஆட்கள் கண்ட வழிதான் பறி.

இப்போதைய பிள்ளைகள் பலர் பறியைக் கண்டதில்லை. பனையோலையில் பின்னுவது. வாய் ஒடுக்கம், வயிறு அகலம். கை உள்ளே போகும், துள்ளுகிற மீன் வெளியே வராது. கயிற்றால் இடுப்பில் கட்டினால் பின்பக்கம் கிடக்கும். தண்ணி இடுப்புக்கு வரும்போது அதுவும் கூடவே மிதந்து வரும், தோளுக்குப் பாரம் இல்லை. பின்னலுக்குள்ளால் தண்ணி போய்வருவதால் மீன் பழுதாகாது. எங்கள் கடல்நீரேரியில் ஓராவும் ஒட்டியும் கெளிறும் உண்டு. அந்த முள் குத்தினால் என்ன வலி என்று குத்து வாங்கியவர்களைக் கேளுங்கள். துணிப் பையில் போட்டால் முள் துணியைத் தாண்டித் தொடையில் ஏறும். ஓலைப் பின்னல் அதைத் தாங்கும்.

எந்தப் பக்கம் கட்டுவது என்பதற்கும் காரணம் இருக்கிறது. வீச்சுவலையை எறிவதற்கு முன் கயிற்றை இடக்கையில் சுருட்டிப் பிடிப்போம். வலையில் ஒரு பங்கு இடது தோளிலோ முழங்கையிலோ கிடக்கும். ஈயக்குண்டு கோர்த்த விளிம்பில் ஒரு இடத்தைப் பல்லால் கடித்துக்கொள்வோம். மிச்சம் வலக்கையில். பிறகு உடம்பைத் திருப்பி எறியும்போது எல்லாம் ஒரே நேரத்தில் விடுபட்டால்தான் வலை வட்டமாக விரியும். ஒரு கண்ணி எதிலாவது மாட்டினால் வலை வாழைப்பழம் மாதிரி நீளமாக விழும். மீன் சிரித்துக்கொண்டு போகும். அதனால் பறி பின்னுக்கு, வலது பக்கம் சாய்ந்து கிடக்க வேண்டும். இடக்கைக்காரர் மாற்றிக் கட்டலாம்.

இதிலேயே பையன் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிட்டது. சிப், கொக்கி, பட்டி, பொத்தான் வைத்த அந்தச் சட்டையும் பையும் வீச்சுவலைக்குச் சரிவராது. எங்கள் வலைக்கு ஒரு சேட்டுப் பொத்தானே போதும், கண்ணி மாட்டிவிடும். மணிக்கூடும் மோதிரமும் அப்படித்தான். வலை எறிகிற பழைய ஆட்கள் வெறும் மேலோடு நிற்பது வெக்கைக்காக மட்டும் இல்லை. அந்தக் காந்தமும் எங்கள் உப்புத் தண்ணியில் நாளடைவில் கறள் பிடித்துவிடும்.

மீதிப் பாதிப் பதில் பெற்றோருக்கு.

போன மாரிக்கு முதல் ஒரு சனிக்கிழமை காலை, நான் கரையோரம் வலை எறிந்துகொண்டு நின்றேன். எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பையன், பதினைந்து வயது இருக்கும், கொஞ்சம் தள்ளி நின்றான். முதுகில் பாடசாலைப் பை, இரண்டு தோளிலும் பட்டி போட்டு, நெஞ்சுக்குக் குறுக்கே இன்னொரு கயிறும் கட்டியிருந்தான். வலைக்கயிற்றை மணிக்கட்டில் இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கியிருந்தான். வலை எங்கேயோ ஒரு பழைய தடியில் மாட்டிவிட்டது. அதை எடுக்கப் போனவன் வள்ளம் போகத் தோண்டின வானுக்குள் கால்வைத்துவிட்டான். எங்கள் கடலில் இதுதான் பொல்லாதது. முழங்கால் தண்ணியில் நடந்து வருவோம், அடுத்த அடி தலைக்கு மேல். பை தண்ணியைக் குடித்துப் பாரமாகிவிட்டது. கையை மாட்டின வலை பிடித்துக்கொண்டது. அவனுக்கு நீந்தத் தெரியும். ஆனால் நீந்துவதற்குக் கை வேண்டுமே.

நாவாந்துறை அண்ணை ஒருவர் பக்கத்தில் நின்றார். அவர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். இடுப்பில் இருந்த சின்னக் கத்தியால் கயிற்றை வெட்டினார். நான் பையைப் பிடித்து இழுத்தேன். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை தப்பிவிட்டான்.

கரைக்குக் கொண்டுவந்து இருத்தினோம். இருமி முடிந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "சேர், வலை போட்டுது. வாப்பா ஏசுவார்."

அண்ணை என்னைப் பார்த்தார். "மாஸ்ரர், பெடியன் சாகப் பாத்திட்டு வலைக்கு அழுறான்" என்றார். பிறகு ஒன்றும் கதைக்காமல் போய், ஒரு மணித்தியாலம் மினக்கெட்டு அந்த வலையை எடுத்துவந்து கொடுத்தார்.

அந்த இரண்டு முடிச்சை ஏன் போட்டான் என்று பிறகு கேட்டேன். வலை கையை விட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக. விலை கூடின சாமான். பத்திரம் பத்திரம் என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் சொல்வதுதான், அதில் குற்றமில்லை. ஆனால் பிள்ளையின் மனதில் அது எப்படி இறங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

அண்ணை தன்னுடைய கயிற்றை எனக்குக் காட்டினார். மணிக்கட்டில் போடுகிற வளையம் முடிச்சு இறுகாதது. விரல்களை ஒடுக்கி இழுத்தால் கை வெளியே வந்துவிடும். பறிக்கயிற்றிலும் உருவு முடிச்சுத்தான், நுனியைப் பிடித்து ஒரு இழுவை, அவிழ்ந்துவிடும். "ஒரு கையால கழட்டேலாத ஒண்டையும் கடலுக்க கட்டப்படாது" என்றார். அந்த வெள்ளைக்காரர் இடுப்புப் பட்டியைக் கழற்றிவிட்டு ஆற்றைக் கடப்பதும் இதே கணக்குத்தான். இருவரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை, தண்ணிதான் இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

எனக்கு அன்றைக்கு வாப்பாவின் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் அவருடைய வலை ஆணியில் தொங்கும். பருத்தி நூலில் அவரே பின்னினது. 1990 ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, அந்த வலை ஆணியிலேயே இருந்தது. எனக்குப் பத்து வயது. "வாப்பா, வலை?" என்று கேட்டேன். "அது கிடக்கட்டும், தங்கச்சிட கையப் பிடி" என்றார். அவ்வளவுதான். புத்தளத்தில் அகதி வாழ்க்கை கொஞ்சம் நிலைத்த பிறகு, பழைய வலைத்துண்டு ஒன்றை வாங்கிப் பொத்தி எடுத்தார். பறிக்கு எங்கே போவது? நிவாரணத்தில் வந்த எண்ணெய்க் கான் ஒன்றின் வாயை வெட்டி, பக்கத்தில் துளை போட்டு, இடுப்பில் கட்டிக்கொண்டு புத்தளம் களப்பில் இறங்கினார். அந்தக் கானில் வந்த மீனில்தான் நாங்கள் பல இரவுகள் சாப்பிட்டோம். விட்டுவந்த வலையைப் பற்றி அவர் பிறகு கதைத்து நான் கேட்டதில்லை. பின்னத் தெரிந்த கை கூட வந்துவிட்டது, எங்கள் கையும் கூட வந்துவிட்டது. அவருக்கு அது போதுமாக இருந்தது.

ஆகையால் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையிடம் வலையைக் கொடுக்கும்போது ஒரு வசனத்தையும் சேர்த்துக் கொடுங்கள்: "வலை மாட்டினா விட்டிட்டு வா. நான் ஏசமாட்டன்." கரையில் வைத்தே சொல்லுங்கள். தண்ணிக்குள் நின்று யோசிக்க நேரம் இருக்காது.

இனி, பையன் கேட்ட கேள்விக்கு நேரான பதில்.

1. முதுகுப் பை வேண்டாம். பறி கிடைத்தால் பறி. கிடைக்காவிட்டால் துளை போட்ட பிளாஸ்ரிக் கான் போதும். இடுப்பில், பின்பக்கம், உருவு முடிச்சு.

2. வலைக்கயிற்று வளையம் கையை ஒடுக்கினால் கழறுகிற அளவில் இருக்க வேண்டும். கரையில் பத்துத் தரம் கழற்றிப் பழகுங்கள்.

3. உறையோடு ஒரு சின்னக் கத்தி, இடுப்பில், எந்தக் கைக்கும் எட்டுகிற இடத்தில்.

4. போன், காசு, தண்ணிப் போத்தல் எல்லாம் கரையில் ஒரு ஆளிடம். அப்படியென்றால் கரையில் ஒரு ஆள் நிற்க வேண்டும். தனியாகப் போகக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்டு இல்லை.

5. காலைத் தூக்கி வைக்காமல் நிலத்தில் உரசி உரசி நடவுங்கள். சேற்றில் படுத்திருக்கிற திருக்கை விலகிப் போகும். மிதித்தால்தான் வாலால் அடிக்கும்.

6. வான் எங்கே போகிறது, பழைய தடிகள் எங்கே நிற்கின்றன என்று இறங்க முதல் அங்கே தொழில் செய்கிறவரிடம் கேளுங்கள். அவர்களுடைய களங்கட்டிக்கும் கூடுகளுக்கும் கிட்டப் போகாதீர்கள். எங்களுக்கு அது லீவு நாள் பொழுதுபோக்கு, அவர்களுக்கு வீட்டு உலை.

7. பறி நிறைந்தால் வீட்டுக்கு வாருங்கள். குஞ்சு மீனைத் திரும்ப விடுங்கள்.

எங்கள் பக்கத்தில் பறி பின்னுகிறவர்கள் குறைந்துபோனார்கள். கடகமும் உமலும் சந்தையில் காணக் கிடைக்கிறது, பறியைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டில் அல்லது அயலில் ஒரு பாட்டிக்கோ பெரியம்மாவுக்கோ இது பின்னத் தெரிந்திருந்தால் உள்பெட்டியில் எனக்கு அறியத்தாருங்கள். பத்துப் பறிக்கு இப்போதே சொல்லிவைக்கத் தயார். காசை நான் முற்பணமாகத் தருவேன்.

வாற சனிக்கிழமை சுபஹுக்குப் பிறகு பண்ணைக் கரையில் நிற்பேன், இன்ஷா அல்லாஹ். நாவாந்துறை அண்ணையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வலை வைத்திருக்கிற பையன்கள் வாப்பாவையோ காக்காவையோ கூட்டிக்கொண்டு வாருங்கள். முதல் அரை மணித்தியாலம் எறிகிறது இல்லை, முடிச்சு அவிழ்க்கிறதுதான் பாடம்.